ஸ்பேஸ் பட்டனில் ஒரு சந்தனப் பொட்டு

போன வாரம் ஒரு ஈரத்துணியை எடுத்து ஒரு மிஷினைத் துடைத்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கண் போன் மேலேயே இருந்தது. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் இன்னும் மோசம்...

துடைத்த மிஷின் என் மருமகள் ரேவதியின் லேப்டாப்.

இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். ரேவதி பி.சி.ஏ. படித்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். என் மகன் பாஸ்கருக்கும் அங்கேயே கட்டிங் செக்‌ஷன். வெளிநாட்டு ஆர்டர் கம்மி ஆனது. ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். ரேவதி வீட்டுக்கு வந்துவிட்டாள். பாஸ்கருக்கும் பாதி நாள் வேலை இல்லை.

ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பாஸ்கரைக் கூப்பிட்டார்கள். போய்விடலாம் என்று பேச்சு. பரண் மேல் கிடந்த பெரிய பெட்டியை இறக்கி ஹாலில் வைத்தாயிற்று. போகவர அது என் காலில் இடித்தது.

"நீயும் வாம்மா" என்றான் பாஸ்கர். எங்கே போவது? தெரிந்த கடைக்காரராக இருந்தால்தான் எனக்கு உப்புக் கேட்கவே வாய் வரும். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில்கூட என் போட்டோவைப் போட இன்றுவரை சம்மதிக்காதவள் நான். புது ஊரில், புது முகங்களுக்கு நடுவில், இந்த வயதில் எப்படி இருப்பது?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ரேவதியை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அது கிடைத்தால் ஓசூர் வேண்டாம், பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும். கிடைக்காவிட்டால் வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று?

இன்டர்வியூ, விஜயதசமிக்கு மறுநாள் காலையில். அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்ததே — வினை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் பக்கம் ஆயுத பூஜையை எப்படிச் செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஃபேக்டரியில் மிஷினுக்கு மிஷின் மாலை, வாசலில் பூசணிக்காய். வீட்டிலும் அப்படித்தான். பாஸ்கரின் தோல் வெட்டும் கத்தி, என் தையல் மிஷின், அரிவாள்மனை, பைக்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருடைய ஆயுதம் முக்கியம்? ரேவதியுடையதுதானே! லேப்டாப்பை நடுவில் வைத்தேன்.

மூடி மேல் ஒரு பொட்டு வைத்தேன். மனசு ஆறவில்லை. தையல் மிஷினுக்குத் தலையில் மட்டுமா வைக்கிறோம்? உழைக்கிற இடத்தில் வைக்க வேண்டாமா? திறந்து பார்த்தேன். எல்லாப் பட்டனிலும் எழுத்து. எழுத்தின் மேல் வைத்தால் மறைந்துவிடும். கீழே ஒரு பட்டன் மட்டும் நீளமாக, எழுத்தே இல்லாமல், காலி மனை மாதிரி கிடந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது மாதிரி!

சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தேன். நடுவில் குங்குமம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம். ரேவதியின் முகம் சுருங்கிவிட்டது.

"அத்த, நாளன்னிக்கு இன்டர்வியூ. இன்னிக்குப் பூரா கை வெக்கக் கூடாதா?"

"சாமி முன்னாடி வெச்சதை எப்படிம்மா எடுக்கறது?"

"நான் ஃபெயில் ஆனா சாமி வந்து வேலை குடுக்குமா?"

"அபசகுனமாப் பேசாதே. வாயால படி. நான் கேட்டுக்கறேன்."

"நீங்களா?" என்று சிரித்தாள். ஆனால் உட்கார்ந்தாள். நான் முறத்தில் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்துகொண்டிருந்தேன். அவள் அவல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் பாஷைகள் எங்கே பிறந்தன, எதற்கு எது நல்லது — இதைத்தான் கேட்பார்களாம்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்குத் தமிழ் ஒன்றே பெரிய காரியம். மிஷினுக்கு இத்தனை பாஷை எதற்கு?

கேட்டேவிட்டேன். "ஒரு பாஷை போதாதா அதுக்கு?"

"நீங்க ஷூ கம்பெனியில வேலை பார்த்த தையல் ஹால்ல ஒரே மிஷினா இருந்துச்சு? ஃப்ளாட் மிஷின் எதுக்கு, போஸ்ட் மிஷின் எதுக்கு?"

நியாயம்தான். தோலைத் தட்டையாகப் போட்டுத் தைக்க ஒரு மிஷின். ஷூவின் மேல்பாகம் குடைபோல வளைந்த பிறகு தைக்க, கம்பம் மாதிரி நிற்கிற வேறு மிஷின். இதில் செய்வதை அதில் செய்தால் தோல் பாழ்.

"மிஷினுக்குத் தெரிஞ்சது கரண்ட்டு இருக்குது, கரண்ட்டு இல்ல — அவ்ளோதான் அத்த. மொதல்ல ஆளுங்க அந்தக் கணக்கையே நம்பர் நம்பரா எழுதிக் குடுத்தாங்க. பேஜாரு புடிச்ச வேலை. அப்பறம்தான், நாம நம்ம மாதிரி எழுதுவோம், அதை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறதுக்கு நடுவுல ஒரு புரோகிராம் வெப்போம்னு யோசிச்சாங்க. அதுல முன்னாடி நின்னது யாரு தெரியுமா? ஒரு அம்மா. அமெரிக்கா கப்பற்படையில இருந்தவங்க."

"பொம்பளையா?"

"பொம்பளைதான். மிஷின் கூட்டும் கழிக்கும், இங்கிலீஷ் வார்த்தை அதுக்கு எங்க புரியும்னு ஆளுங்க நம்பவே இல்லையாம். அவங்க செஞ்சு காட்டினாங்க. அந்த வழியில வந்ததுதான் கோபால்னு ஒரு பாஷை. பேங்க்கு, இன்சூரன்ஸு மாதிரி இடத்துக்குன்னு ஒரு கமிட்டி போட்டுப் பண்ணாங்க. நீட்டி நீட்டி, வாக்கியம் மாதிரி எழுதணும். சைன்ஸ் கணக்குக்கு ஃபோர்ட்ரான்னு ஒண்ணு அதுக்கும் முன்னாடியே வந்திருச்சு. ரெண்டுமே இன்னும் ஓடுது."

அந்தக் காலத்தில் பிறந்தது இன்னும் ஓடுகிறதா? எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. என் வயசு இருக்கும் போலிருக்கிறதே.

"மாத்திட வேண்டியதுதானே?"

"பயம் அத்த. ஓடற மிஷின்ல கை வெச்சு, பேங்க்கு நின்னுட்டா?"

ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது. அன்றைக்கு அதைக் கேட்டுத் தலையாட்டியவள் நானேதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சி. ஒரு எழுத்துதான் பேரே! அமெரிக்காவில் ஒரு டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததாம். கம்ப்யூட்டரையே நடத்துகிற அடிப்படை சாஃப்ட்வேரை எழுதுவதற்காகச் செய்தது. ஏற்கெனவே பி என்று ஒன்று இருந்ததால் இதற்கு சி. ரொம்ப வேகம். ஆனால் 'இங்கே வெட்டாதே' என்று தடுக்காது, சொன்ன இடத்தில் வெட்டிவிடும்.

"உங்க புள்ளை கத்தி மாதிரி" என்றாள். பாஸ்கரின் கட்டை விரலில் இருக்கிற தழும்பு எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் ஜாவா. டி.வி. மாதிரி வீட்டுச் சாமான்களுக்குள் ஓடுவதற்காக ஆரம்பித்தார்களாம். ஆபீஸுக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பேரைத்தான் முதலில் வைத்தார்கள். அந்தப் பேரை வேறொருவர் ஏற்கெனவே வைத்திருந்ததால், காப்பியின் பேருக்கு மாறினார்கள். ஒரு தடவை எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் — அதுதான் அதன் பெருமை.

"ஜாவாஸ்கிரிப்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. அது ஜாவாவுக்குச் சொந்தம் இல்ல."

"பின்ன ஏன் அந்தப் பேரு?"

"அப்ப ஜாவாவுக்கு மார்க்கெட்டு. பேரை ஒட்டிக்கினா இதுவும் ஓடும்ல? இன்டர்நெட்ல பக்கத்தைத் திறந்தா அசையறது, பட்டனை அமுக்கினா வேலை செய்யறது எல்லாம் இதாலதான். அவசர அவசரமா சில நாள்லயே மொதல் வடிவத்தைச் செஞ்சு முடிச்சாராம் ஒருத்தர். இன்னிக்கு அது இல்லாத வெப்சைட்டு கம்மி."

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊர் பஜாரில் போய்ப் பாருங்கள். பெரிய கம்பெனிப் பேரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பெட்டியில் அச்சடித்து ஷூ விற்பார்கள். சில சமயம் அந்த ஷூதான் நாள்பட உழைக்கும்!

கடைசியில் பைத்தான். இன்டர்வியூவில் அதில்தான் ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். பாம்பின் பேராக இருக்கிறதே என்று பயந்தேன். பாம்பு இல்லையாம், ஒரு காமெடிக் கூட்டத்தின் பேராம். ஹாலந்துக்காரர் ஒருவர் கிறிஸ்துமஸ் லீவில் பொழுது போகாமல் எழுத ஆரம்பித்தது.

"லீவுலயா?"

"லீவுலதான். நல்லவேளை, அவர் வீட்ல நீங்க மாமியாரா இல்ல. இருந்திருந்தா மிஷினைச் சாமிகிட்ட வெச்சிருப்பீங்க. பைத்தானே வந்திருக்காது!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

பைத்தானில் என்ன விசேஷம்? படிக்க ரொம்பச் சுலபமாம். மற்ற பாஷைகளில் ஒரு வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்ட, மீசை மாதிரி வளைந்த அடைப்புக்குறி போடுவார்கள். பைத்தானில் அது கிடையாது. வரிக்கு முன்னால் விடுகிற காலி இடம்தான் அடையாளம். ஒன்றுக்குள் அடங்கின வரிகள் எல்லாம் ஒரே நேராக நிற்க வேண்டும். ஒரு வரி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாலும்...

"தள்ளி நின்னா?"

"ஓடாது. சிவப்புச் சிவப்பா எழுத்து வந்து நின்னுடும்."

தையலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஓரத்தைத் தள்ளித் தைத்தால் ரிஜெக்ட்.

அதற்குள் பக்கத்து வீட்டு ஷமீம் பொரி வாங்கிப் போக வந்துவிட்டாள். "இன்னாக்கா, மருமவகிட்ட டியூஷனா?" என்று சிரித்தாள். சிரித்த வாயோடு ஒரு குண்டையும் போட்டாள்: "இப்ப போன்ல கேட்டா மிஷினே புரோகிராமை எழுதிக் குடுக்குதாமே ரேவதி. அப்பறம் எதுக்கு ஆளு?"

ரேவதி அவல் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினாள்.

"எழுதிக் குடுக்குதுக்கா. அது சரியான்னு பாக்க ஆள் வேணும்ல? ஃபேக்டரியில தோல் வெட்டறதுக்குப் பெரிய மிஷின் வந்துச்சு, வெட்டினதைச் சரிபாக்கற செக்கிங் டேபிளை எடுத்துட்டாங்களா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. குரல்தான் அவ்வளவு சரியாக இல்லை. என் பார்வை தானாக அந்தப் பெட்டி மேல் போனது.

விஜயதசமி அன்று லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன். நாள் பூரா அதோடுதான் இருந்தாள். காய்ந்த பொட்டின் மேலேயே தட்டினாள், கோபத்தில் அதைச் சுரண்டக்கூட இல்லை.

மறுநாள் காலை. புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுது அத்த!" என்று கத்தினாள். அதைத் திறந்தபடியே மேஜை மேல் வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

நான் அந்தப் பக்கம் வந்தேன். நீளப் பட்டன் மேல் சந்தனம் வெடித்து உதிர்ந்து கிடந்தது. குங்குமம் ஓரத்தில் திட்டுத் திட்டாக.

நான் தையல் ஹாலில் வேலை பார்த்தவள். காலையில் போனதும் முதலில் மிஷினைத் துடைக்க வேண்டும். ஊசிக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் போச்சு, வெள்ளைத் தோலில் கறை ஏறி அந்த ஜோடியே வீண். துடைக்காமல் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துவார். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் கைக்கு அது மறக்கவில்லை. அழுக்கு மிஷினைக் கண்டால் துணியைத் தேடும்.

தேடியது. கிடைத்தது. ஈரத்துணியால் அந்த நீளப் பட்டனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நன்றாக அழுத்தித் துடைத்தேன்.

திரையில் ஏதோ அசைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வலது பக்கமாக நகர்ந்து நின்றது. கூட்டத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி.

காலி மனை என்று நினைத்தேனே, அந்தப் பட்டனுக்கு வேலையே காலி இடம் விடுவதுதானா?

"ரேவதி..." என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஓடி வந்தாள். "நகருங்க அத்த, அஞ்சு நிமிஷம் முன்னாடியே லைன்ல வந்துட்டாங்க!" உட்கார்ந்துவிட்டாள். திரையில் வேறொரு ஜன்னல் திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு மேடம் தெரிந்தார். நான் துணியோடு சமையலறைக்குள் ஓடி ஒளிந்தேன்.

உள்ளேயிருந்து எல்லாம் கேட்டது. பாதி இங்கிலீஷ், பாதித் தமிழ். சி என்றார்கள், ஜாவா என்றார்கள். "பேர் மட்டும்தான் மேடம் ஒண்ணு" என்று ரேவதி சொல்வது காதில் விழுந்தது. நன்றாகத்தான் சொல்கிறாள்! அவள் நன்றாகச் சொல்லச் சொல்ல நான் கையிலிருந்த துணியை முறுக்கினேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் என் துணியால் கவிழப்போகிறாளே...

போய்ச் சொல்லலாமா? போனால் அந்தத் திரையில் என் முகம் தெரியும். முன்பின் தெரியாத மேடம் என்னைப் பார்ப்பார். ஏதாவது கேட்பார். கதவோரம் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். அடுப்பில் எதுவும் இல்லாமலே கரண்டியை எடுத்தேன், வைத்தேன்.

"புரோகிராமை ரன் பண்ணுங்க" என்றார் மேடம்.

தட்டுகிற சத்தம். மறுபடியும் தட்டுகிற சத்தம்.

"காலைல ஓடுச்சுன்னு சொன்னீங்களே ரேவதி?"

எப்படிப் போனேன் என்று தெரியாது. துணியோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். திரையில் சிவப்பு எழுத்து. துணியைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

ரேவதி துணியைப் பார்த்தாள். அதில் மஞ்சளாகச் சந்தனம். பட்டனைப் பார்த்தாள். அது பளபளவென்று இருந்தது.

அந்த ஒரு நொடி அவள் முகத்தில் வந்தது கோபமா, அழுகையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் கேமரா பக்கம் திரும்பினாள்.

"மேடம், எரர்லயே எந்த வரின்னு சொல்லுது. அந்த வரிக்கு முன்னாடி ஸ்பேஸ் ஜாஸ்தி ஆயிருக்குது. எடுத்துட்றேன்." எடுத்தாள். தட்டினாள். ஓடியது.

"எப்படி வந்துச்சு அது?"

"ஆயுத பூஜைக்கு என் மாமியார் ஸ்பேஸ் பாருக்குப் பொட்டு வெச்சாங்க மேடம். இப்பதான் தொடச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா, இருமலா? இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பக்கத்தில் தெரிகிற என் முந்தானையைப் பார்த்து மேடம், "வணக்கம்மா" என்றார். நான் துணியோடு கும்பிட்டேன்.

உடனே ரேவதியிடம் அடுத்த கேள்வி: "சரி... இதே ஸ்பேஸ் ஜாவால விழுந்திருந்தா?"

"அந்த இடத்துல ஒண்ணும் ஆயிருக்காது மேடம். அங்க அடைப்புக்குறி பாத்துக்கும். ஆளுங்க பாக்க அழகா இருக்கணும்னுதான் அங்க இடம் விடுவோம், மிஷின் அதைக் கண்டுக்காது. பைத்தான்ல அப்படி இல்ல. ஆள் கண்ணுக்குத் தெரியறதும் மிஷினுக்குப் புரியறதும் ஒண்ணா இருக்கணும்னு அந்த இடத்துக்கே அர்த்தம் குடுத்துட்டாங்க. படிக்கச் சுலபம். ஆனா... துணி பட்டாத் தாங்காது."

"ஓகே. சொல்லி அனுப்பறோம்" என்றார் மேடம். திரை இருட்டானது.

'சொல்லி அனுப்பறோம்' என்றால் என்ன அர்த்தம்? எத்தனை ஃபேக்டரி கேட்டில் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பேன்! எனக்குத் தெரிந்து அப்படிச் சொன்னவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

"விடுங்க அத்த" என்றாள் ரேவதி. ஆனால் மத்தியானம் வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாஸ்கர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டு எழுந்து பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து பார்த்தான். சாவி சரியாகச் சுற்றுகிறதா என்று.

அதிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஓடினோம். கடன் வேண்டுமா என்று ஒரு பெண். சிம் கார்டு பற்றி ஒரு பையன். பாவம், அவர்களிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தேன். யாராவது வேண்டுமென்றா இன்னொருவர் வேலையைக் கெடுக்கிறோம்? அப்படிப்பட்டவர்கள் கம்மிதான். நல்லது செய்கிறேன் என்று ஒரு துணியை எடுத்துக்கொண்டு, தெரியாத மிஷின் பக்கம் போகிறவர்கள்தான் ஜாஸ்தி. பிள்ளைக்குப் பெண் பார்ப்பதில், மருமகள் சமையலில், பேரன் படிப்பில் — நாம் துடைத்த இடமெல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். எந்த வரி தள்ளிப் போனது என்று நமக்குத் தெரிவதில்லை. பைத்தானாவது பரவாயில்லை, எந்த வரி என்று சொல்லிவிடுகிறது. மருமகள்கள் சொல்வதில்லையே?

நேற்று காலையில் போன் வந்தது.

ரேவதி பேசினாள். "எஸ் மேடம்... எஸ் மேடம்..." அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முதுகை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போனை வைத்தாள். திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எடுத்துக்கினாங்க அத்த!"

மூன்று மாசம் பார்ப்பார்களாம். சரியாகச் செய்தால் நிரந்தரம். அதற்குள் இன்னொரு பாஷையும் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாசம் கழித்து என்ன பாஷை வருமோ, ஷமீம் சொன்ன மிஷின் என்ன செய்யுமோ... எனக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. போகாது. ஆனால் ஓசூர் இப்போதைக்கு இல்லை.

சாயங்காலம் பாஸ்கர் ஸ்டூலைப் போட்டு ஏறினான், பெட்டியைப் பரணில் வைக்க. "அம்மா, மேல ஒரே தூசி. ஒரு துணி எடுத்துத் தொடச்சுக் குடேன்" என்றான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.